இருபதாயிரத்துக்குள் பத்து வயது கணினியில் கேமிங்

2015-ல் அசெம்பிள் செய்த ஒரு சிஸ்டம் எங்கள் வீட்டில் இருக்கிறது. இன்டெல் கோர் ஐ5-4460 ப்ராசசர், எச்81 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்டு, கேபினட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி). கல்லூரி ப்ராஜெக்டுக்காக நான் வாங்கியது. 2024-ல் அது என் தம்பி கைக்குப் போனது. ஜிடிஏ 5, கவுண்டர் ஸ்ட்ரைக் 2, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, இந்த மூன்றும் ஓட வேண்டும் என்றான். வீட்டில் ஒதுக்க முடிந்தது இருபதாயிரம் ரூபாய். அந்தப் பணத்தில் கேமிங்குக்குப் புது சிஸ்டம் வராது. பழையதை மேம்படுத்தலாம், ஆனால் எதை வாங்குவது, எந்த வரிசையில் வாங்குவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் பணம் எடுக்கும் முன் ஒரே கேள்வியைக் கேட்டோம்: நாளைக்குப் புது மதர்போர்டு போடும்போது இது கூட வருமா? எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க்) வரும். எஸ்எம்பிஎஸ் வரும். கிராஃபிக்ஸ் கார்டு வரும். டிடிஆர்3 ரேமும் நான்காம் தலைமுறை ப்ராசசரும் வராது, இந்த மதர்போர்டோடேயே போய்விடும். அதனால் கூட வரும் பொருளுக்குத் தாராளமாகவும் வராத பொருளுக்குக் கையை இறுக்கியும் செலவு செய்வது என்று முடிவெடுத்தோம். பழைய சிஸ்டத்தில் பணம் போடுவது வீண் என்று நிறையப் பேர் சொல்வார்கள். இப்படிப் பிரித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி வீணாகாது.

கடைக்குப் போகும் முன் எது தடுக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இதற்குக் காசே ஆகாது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை இறக்கி, அதோடு வரும் ரிவா டியூனரில் ப்ராசசர், கார்டு, ரேம் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதைத் திரையின் மூலையில் காட்ட வைத்தோம். ஜிடிஏ 5-ல் கார்டு 99 சதவீதத்தில் நின்றது, ப்ராசசர் பாதிக்குச் சற்று மேலே. அப்புறம் ரெசல்யூஷனை 1080-ல் இருந்து 720-க்கு இறக்கிப் பார்த்தோம். இறக்கியதும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்ற எண்) நன்றாக ஏறினால் தடை கார்டில் இருக்கிறது. ஏறவே இல்லை என்றால் தடை ப்ராசசரில் இருக்கிறது, அப்போது எவ்வளவு பெரிய கார்டு வாங்கினாலும் பலன் குறைவுதான். எங்களுக்கு ஏறியது. கூடவே டாஸ்க் மேனேஜரில் ரேம் முழுக்க நிரம்பி, ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பதும் தெரிந்தது. நகரத்துக்குள் கார் வேகமாகப் போகும்போது அரை நொடி உறைவது கார்டால் அல்ல, அந்த டிஸ்க்கால்.

முதல் வேலை சுத்தம். ஹீட்சிங்கைக் கழற்றினால் ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. கேம் ஓடும்போது ப்ராசசர் சூடு 90 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. 100-ஐ நெருங்கினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எனவே தூசியே எஃப்பிஎஸ்ஸைத் தின்னும். இன்டெல் ஒரிஜினல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களை மாட்டும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். தலையில் உள்ள அம்புக்குறித் திசையில் திருப்பினால் கழலும். திரும்ப மாட்டும் முன் பழைய நிலைக்குத் திருப்பி வைத்து, குறுக்காக எதிரெதிர்க் கால்களை அழுத்த வேண்டும், ஒவ்வொன்றும் டக்கென்று உட்காரும் சத்தம் கேட்க வேண்டும். ஒரு கால் சரியாக உட்காராவிட்டாலும் அந்த மூலை தூக்கி நிற்கும், புது பேஸ்ட் போட்டும் சூடு குறையாது. சரியாக மாட்டியபின் அதே கேமில் சூடு 70-ஐ ஒட்டியே நின்றது. முந்நூறு ரூபாய் பேஸ்ட்டுக்கு இது பெரிய லாபம்.

அடுத்தது 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. அப்போது இரண்டாயிரத்து எழுநூறு ஆனது. எச்81 போர்டில் எம்.2 இடம் (எஸ்எஸ்டியை போர்டிலேயே நேராகச் செருகும் இடம்) கிடையாது, எனவே கேபிளில் இணையும் சாட்டாதான். இந்த சிப்செட்டில் நான்கு சாட்டா போர்ட் இருந்தாலும் இரண்டுதான் 6 ஜிகாபிட், மற்ற இரண்டும் 3 ஜிகாபிட். எங்கள் போர்டில் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க் வேகமான போர்ட்டில் உட்கார்ந்திருந்ததால் அதை மாற்றிவிட்டு அந்த இடத்தை எஸ்எஸ்டிக்குக் கொடுத்தோம். விண்டோஸைக் குளோன் செய்யாமல் புதிதாகவே ஏற்றினோம். பத்து வருடக் குப்பையைப் புது டிஸ்க்குக்குத் தூக்கிப் போவதில் அர்த்தமில்லை.

எஸ்எஸ்டி போட்டால் எஃப்பிஎஸ் கூடுமா என்று கேட்பவர்களுக்கு: சராசரி அப்படியேதான் இருக்கும். ஆனால் அந்த அரை நொடி உறைவு போய்விடும். விளையாடுபவருக்குச் சராசரியைவிட இதுதான் முக்கியம். சராசரி 60 வந்தாலும் நடுநடுவே 15-க்கு விழுந்தால் கண் அந்த 15-ஐத்தான் பார்க்கும். அதனால்தான் ஆஃப்டர்பர்னரில் '1 சதவீத லோ' (மிக மெதுவான தருணங்களில் வரும் எஃப்பிஎஸ்) என்ற எண்ணையும் திரையில் காட்டச் சொல்கிறேன். மேம்படுத்திய பிறகு அந்த எண் ஏறியதா என்று பாருங்கள்.

ரேமில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக், செகண்ட் ஹேண்டில் எண்ணூறு ரூபாய். இதில் அளவு மட்டுமல்ல, ஜோடியும் முக்கியம். டிடிஆர்3-1600 ஒற்றை ஸ்டிக்கில் நொடிக்கு 12.8 ஜிகாபைட் போகும், இரண்டு போட்டால் டூயல் சேனலில் 25.6. ஒரே 8 ஜிபி ஸ்டிக்கோடு ஓடும் பழைய சிஸ்டங்கள் ஏராளம், அவற்றின் ப்ராசசர் பாதி அகலச் சாலையில்தான் இத்தனை வருடமும் ஓடியிருக்கிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும் மலிவு டிடிஆர்3 ஸ்டிக்குகள் சந்தையில் சுற்றுகின்றன, இன்டெல் போர்டில் போட்டால் டிஸ்ப்ளே வராது. 'எந்த போர்டில் ஓட்டிப் பார்த்தது?' என்று கேட்டு, மாற்றித் தருவார்களா என்று உறுதி செய்துகொண்டுதான் பணம் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து சிபியு-ஸீ மென்பொருளில் 'டூயல்' என்று காட்டுகிறதா பார்த்து, ரேமில் பழுது உண்டா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓட விட்டோம். இந்த போர்டில் இரண்டே இடம், 16 ஜிபிதான் உச்சம். இதற்கு மேல் ரேமில் செலவழிக்க வழியே இல்லை.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். எங்கள் பழைய டப்பாவின் பக்கவாட்டில் '450 வாட்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 192 வாட். ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டில்தான், மற்ற எண்களையெல்லாம் கூட்டிப் போட்டு 450 என்று எழுதியிருக்கிறார்கள். இந்த ப்ராசசர் 84 வாட், நாங்கள் குறி வைத்த கார்டு 75 வாட், கணக்குப்படி ஓடிவிடும். ஆனால் பத்து வருடம் பழைய கெபாசிட்டர்கள், அடிக்கடி கரண்ட் போய் வரும் வீடு. எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, கூடவே போர்டையும் கார்டையும் இழுத்துக்கொண்டு போகலாம். 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலம்) என்ற மின்திறன் முத்திரையுள்ள புது 450 வாட் எஸ்எம்பிஎஸ் மூவாயிரத்து இருநூறு. அதில் 12 வோல்ட்டிலேயே கிட்டத்தட்ட முழு 450-ம் கிடைக்கிறது. எது செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் இதை மட்டும் வாரண்டியோடு புதிதாகவே வாங்குங்கள்.

இனி கார்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான்கைந்து கடை ஏறி இறங்கினால் தெரியும், பட்ஜெட்டைச் சொன்ன அடுத்த நொடி கையில் ஏதாவது ஒரு பெட்டி வந்துவிடும். எங்களிடம் வந்தது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி.

"ப்ரோ, இது 2022 மாடல், ஜிடிஎக்ஸ் 1650-ஐ விட வேகம். புது பீஸ், வாரண்டி இருக்கு."

"எங்களோடது எச்81 போர்டு அண்ணா. பிசிஐ 2.0 தான்."

"அதெல்லாம் எதுல வேணும்னாலும் ஓடும் ப்ரோ."

பிசிஐ என்பது கார்டு உட்காரும் ஸ்லாட், எண் கூடக் கூட அதன் வேகம் கூடும். ஓடும் என்பது உண்மைதான். புதிய போர்டில் அது வேகமான கார்டு என்பதும் உண்மை. ஆனால் அந்த கார்டு ஸ்லாட்டின் 16 பாதைகளில் நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐ 4.0-ல் நான்கு பாதை என்றால் நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிகாபைட், பரவாயில்லை. பிசிஐ 2.0-ல் அதே நான்கு பாதையில் 2 ஜிகாபைட்தான். கார்டில் இருப்பதோ 4 ஜிபி நினைவகம். புது கேம்களில் அது நிரம்பியதும் மிச்சத்தை மெயின் ரேமில் இருந்து இந்தப் பாதை வழியாகத்தான் இழுக்க வேண்டும், அங்கே மூச்சு முட்டும். ஜிடிஎக்ஸ் 1650 பதினாறு பாதையையும் பயன்படுத்துகிறது, அதே 2.0 ஸ்லாட்டில் 8 ஜிகாபைட் கிடைக்கும். பி85 போர்டு வைத்திருப்பவர்களுக்கு பிசிஐ 3.0 உண்டு, அவர்களுக்கு இந்தச் சிக்கல் பாதியாகும். இன்டெல் ஆர்க் கார்டுகளையும் இதே மாதிரி ஒரு காரணத்துக்காகத் தள்ளினோம். ப்ராசசர் கார்டின் முழு நினைவகத்தையும் ஒரே வீச்சில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய போர்டில் அவற்றின் வேகம் வெகுவாக அடிவாங்கும். பழைய சிஸ்டத்துக்குக் கார்டு தேடும்போது, புது ப்ராசசரில் போட்டு எடுத்த எஃப்பிஎஸ் பட்டியலை நம்பி வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஆர்எக்ஸ் 580 இன்னும் வேகம், 8 ஜிபி மாடலும் கிடைத்தது. ஆனால் 185 வாட், அதோடு கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடியவை அதில் நிறைய. கடைசியில் போட்டி ஜிடிஎக்ஸ் 1050 டிஐக்கும் 1650-க்கும் இடையில். இரண்டும் 4 ஜிபி, இரண்டும் 75 வாட், தனி பவர் கேபிள் இல்லாமலேயே பெரும்பாலும் ஓடும். 1050 டிஐ 2016 மாடல், 1650 2019 மாடல். விலை வித்தியாசம் சில ஆயிரம். கூட வரும் பொருளுக்குத் தாராளம் என்று ஏற்கெனவே முடிவெடுத்திருந்ததால் 1650-ஐ எடுத்தோம், செகண்ட் ஹேண்டில் ஏழாயிரத்து ஐந்நூறு. அதற்கு அடுத்த வருடமே, 2025 அக்டோபரோடு, மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர்களை என்விடியா நிறுத்தியது. 1050 டிஐயும் 1060-ம் அதில் அடக்கம். பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் சில ஆண்டுகள் வரும். 1650 டூரிங் தலைமுறை என்பதால் தப்பித்தது. இன்றைக்குச் செகண்ட் ஹேண்ட் கார்டு தேடுகிறவர்கள் இந்தக் கோட்டை மனதில் வையுங்கள், விலை மலிவாக இருக்கிறதே என்று ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் போகாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டைக் கடையிலேயே ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. முதலில் ஒருவர் காட்டிய 1650-ன் பின்பக்கத் தகட்டிலும் திருகுகளிலும் பழுப்புத் துரு. 'அதிகம் ஓடாத பீஸ்' என்றார். கடல் காற்றில் நெடுநாள் திறந்து கிடந்த கார்டு அப்படித்தான் இருக்கும். வேண்டாம் என்று நகர்ந்தோம். இரண்டாவது கார்டை அவர்களுடைய டெஸ்ட் பெஞ்சில் போட்டு, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-ஸீ மென்பொருளைத் திறந்து பெயரையும் நினைவக அளவையும் பார்த்தோம். பழைய சிப்பில் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி 1050 டிஐ என்று விற்கும் போலிகள் உண்டு, பெரும்பாலான போலி என்விடியா கார்டுகளை ஜிபியு-ஸீயே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். பிறகு கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க்கைக் கால் மணி நேரம் ஓட்டச் சொன்னோம். சூடு ஓரிடத்தில் போய் நிற்கிறதா, ஏறிக்கொண்டே போகிறதா, திரையில் புள்ளிகளோ வண்ணக் கோடுகளோ வருகின்றனவா, ஃபேனில் கரகர சத்தம் உண்டா என்று பார்த்தோம். ஒவ்வொரு டிஸ்ப்ளே போர்ட்டிலும் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தோம். ஓட்டிக் காட்டத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம், பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கும்.

வீட்டில் போட்டதும் ஜிடிஏ 5 1080-ல் ஹை செட்டிங்கில் 60-க்கு மேல் போனது, முன்பு லோ-வில் 25-க்கே திணறிய கேம். ரெட் டெட் 2 மீடியத்தில் 45-ஐ ஒட்டி ஓடியது. அந்த கேமுக்கு மட்டும் 150 ஜிபி இடம் வேண்டும் என்பதால் எஸ்எஸ்டியில் அதற்கு இடம் ஒதுக்கி, மற்ற பழைய கேம்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினோம்.

ஆனால் கவுண்டர் ஸ்ட்ரைக் 2-ல் கதை வேறு. அது ப்ராசசரைப் பிழியும் கேம். புகைக் குண்டு வெடித்து நான்கைந்து பேர் சுடத் தொடங்கினால் ப்ராசசர் நூறைத் தொட்டது, கார்டோ அறுபதில் சும்மா இருந்தது. 4460-ல் நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை). அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7-4790-ல் நான்கு கோர், எட்டு த்ரெட், வேகமும் 4 ஜிகாஹெர்ட்ஸ் வரை. அலுவலகங்களில் கழித்துக் கட்டும் சிஸ்டங்களில் இருந்து வெளியே வரும், செகண்ட் ஹேண்டில் மூவாயிரத்து எண்ணூறு. சர்வர்களுக்கான ப்ராசசரான ஸியான் இ3-1231 வி3 இதைவிட மலிவாகக் கிடைக்கும், கிட்டத்தட்ட அதே வேகம். ஆனால் அதில் உள் கிராஃபிக்ஸ் இல்லை, கார்டு பழுதானால் திரையே வராது. படிப்புக்கும் இதே சிஸ்டம்தான் என்பதால் ஐ7 எடுத்தோம். 4460-ம் 4790-ம் ஒரே 2014 வரிசை, அதனால் பயாஸ் அப்டேட் தேவைப்படவில்லை. 2013-ன் 4570 போன்றவை வைத்திருப்பவர்கள் பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துகொள்ளுங்கள்.

ப்ராசசரைக் கடைசியாக வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. இது கூட வராத பொருள். கார்டு போட்டு ஓட்டிப் பார்த்து, உண்மையிலேயே தேவை என்று எண்கள் சொன்ன பிறகே வாங்கினோம். தம்பி ஜிடிஏ மட்டும் விளையாடுகிறவனாக இருந்தால் இந்த மூவாயிரத்து எண்ணூறை மிச்சம் பிடித்திருக்கலாம்.

மொத்தம் பதினெட்டாயிரத்து முந்நூறு. அதில் எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கார்டு மூன்றும் சேர்ந்து பதின்மூவாயிரத்து நானூறு, அது அடுத்த சிஸ்டத்துக்கும் சொந்தம்.

செட்டிங்கில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். ரிவா டியூனரில் எஃப்பிஎஸ்ஸை 60-க்குக் கட்டிப்போட்டதும் ஜிடிஏ இன்னும் வழவழப்பானது, ப்ராசசருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது, சூடும் குறைந்தது. ரெட் டெட் 2-ல் எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) இருக்கிறது, அதை குவாலிட்டியில் வைத்தால் ஜிடிஎக்ஸ் கார்டிலும் வேலை செய்யும். நிழல், தண்ணீர், பிரதிபலிப்பு இவற்றை இறக்கிவிட்டு டெக்ஸ்சரை உயர்த்தி வைப்பதுதான் கண்ணுக்கு நல்லது, 4 ஜிபி நிரம்பாத வரை.

எல்லோருடைய பழைய சிஸ்டத்துக்கும் இந்த வழி பொருந்தாது. உங்களுடையது இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறை என்றால் ப்ராசசரில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு நான்காம் தலைமுறையில்தான் வந்தது, அது இல்லாவிட்டால் சில புது கேம்கள் திறக்கவே மாட்டா. அலுவலகத்தில் இருந்து வந்த பிராண்டட் சிஸ்டம் என்றால் கேபினட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் பிளக்கைப் பாருங்கள். வழக்கமான 24 பின் இல்லாமல் அவர்களுக்கென்று தனி பிளக் வைத்திருக்கலாம், ஒல்லியான கேபினட் என்றால் முழு உயரக் கார்டும் உள்ளே போகாது. ரே ட்ரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறை) கட்டாயம் என்று வரும் கேம்களும் 1650-ல் ஓடாது. 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் அப்படிப்பட்டதுதான், தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

விண்டோஸ்தான் இப்போதைய கேள்வி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்திருக்கிறோம், அது 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏறாது. குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் வேலொரன்ட் விளையாடுகிறவர்களுக்கு அது உதவாது, அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வான்கார்ட் விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 லினக்ஸிலேயே நேரடியாக ஓடுகிறது, எனவே தம்பி ஒரு தனிப் பார்ட்டிஷனில் லினக்ஸ் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறான். ஏஎம்டி ரைசன் 5 5600 ப்ராசசரோடு ஒரு பி550 போர்டு போடலாம் என்று விலை விசாரித்தபோது 2025 கடைசியில் ரேம் விலை மளமளவென்று ஏறிவிட்டது. அது இறங்கும்வரை எச்81 ஓடட்டும். இறங்கியதும் போர்டு, ப்ராசசர், ரேம் மூன்றை மட்டும் வாங்கி இதே கேபினட்டில் மாட்டிவிட்டு, ஐ7-ஐயும் டிடிஆர்3 ஜோடியையும் பழைய போர்டோடு சேர்த்து ஒரே செட்டாக விற்பதாகத் திட்டம். தனித்தனியாக விற்பதைவிட ஓடும் நிலையில் செட்டாகக் கொடுத்தால் வாங்க ஆள் சீக்கிரம் கிடைக்கும்.